குரோய்டன் நகர மன்றத்தின் 2020–21 பாதீடு

குரோய்டன் நகர மன்றத்தின் 2020–21 பாதீடு என்பது, இங்கிலாந்தில் இலண்டன் பெருநகரின் தென்புறத்தில் அமைந்துள்ள குரோய்டன் என்னும் பரோவின் (இலண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) மன்றம், 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரையான நிதியாண்டுக்கு வகுத்த வரவு செலவுத் திட்டமாகும். இப்பாதீடு வகுக்கப்பட்ட சில வாரங்களிலேயே கோவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாக நாடு முடக்கப்பட்டது. உணவு, உறைவிடம், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுக்கான தேவை ஒருபுறம் பெருக, மன்றத்தின் வருவாய் மறுபுறம் சுருங்கியது. 2020 நவம்பர் 11 ஆம் நாள், அவ்வாண்டின் செலவை வருவாயைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது என மன்றத்தின் தலைமை நிதி அலுவலர் சட்டப்படி அறிவித்தார். பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வாறு அறிவித்த முதல் ஆங்கிலேய உள்ளூராட்சி மன்றம் குரோய்டனே ஆகும்.

செய்தித்தாள்கள் பலவும் இதனைத் "திவால்" என்று எழுதின. இச்சொல் முற்றிலும் பொருந்தாது. இங்கிலாந்துச் சட்டத்தில் ஓர் உள்ளூராட்சி மன்றம் நிறுவனங்களைப் போலத் திவாலாக முடியாது. அது கடன் கொடுத்தவர்களுக்கு முறைப்படி பணம் செலுத்திக்கொண்டே இருக்கும். குறைக்கப்படுவன அதன் சேவைகளே.

குரோய்டன் பரோ

இலண்டன் அரசாங்கச் சட்டம் 1963 இன்படி, பழைய குரோய்டன் மாவட்ட நகரமும் கூல்ஸ்டன்–பேர்லி நகர மாவட்டமும் இணைக்கப்பட்டு 1965 ஏப்ரல் 1 இல் இப்பரோ உருவானது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 390,800 பேர் வாழ்ந்தனர். இலண்டன் பரோக்களுள் இதுவே அப்போது மக்கள்தொகை மிகுந்ததாகும். வடக்கில் தோர்ன்டன் ஹீத், நோர்பரி, தென் நோர்வூட் போன்ற நெருக்கமான பகுதிகளும், தெற்கில் பேர்லி, சாண்டர்ஸ்டெட் போன்ற வசதி மிக்க புறநகர்களும் உள்ளன. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் குறிப்பிடத்தக்க அளவில் வாழும் இலண்டன் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

மன்றத்தில் 70 உறுப்பினர் உள்ளனர். 2018 தேர்தலில் தொழிற்கட்சி 41 இடங்களையும் பழமைவாதக் கட்சி 29 இடங்களையும் பெற்றன. பாதீடு வகுக்கப்பட்டபோது டோனி நியூமன் மன்றத் தலைவராக இருந்தார்.

பாதீடு அமையும் முறை

ஒரு நாட்டின் அரசு வருவாய் போதாதபோது கடன் வாங்கி ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்கலாம். இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அவ்வுரிமை இல்லை. கட்டடம், சாலை போன்ற மூலதனச் செலவுகளுக்கு மட்டுமே அவை கடன் பெறலாம். சம்பளம், பராமரிப்பு, குப்பை அகற்றல் போன்ற நடைமுறைச் செலவுகளை அந்தந்த ஆண்டின் வருவாயிலிருந்தும் சேமிப்பிலிருந்துமே செய்ய வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 11 க்கு முன்னர், வரவும் செலவும் சமமான பாதீடு ஒன்றை மன்றம் நிறைவேற்றியாக வேண்டும்.

வருவாயின் முக்கிய ஊற்று மன்ற வரியாகும். இது இலங்கையில் சோலைவரி என்றும் தமிழ்நாட்டில் சொத்து வரி என்றும் வழங்குவதற்கு ஓரளவு நிகரானது. வீடுகள் அவற்றின் மதிப்பைக் கொண்டு எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. கணக்கில் கொள்ளப்படும் மதிப்பு 1991 ஏப்ரலில் இருந்த மதிப்பு. அண்மையில் கட்டிய வீட்டுக்கும், அது 1991 இல் இருந்திருந்தால் என்ன விலை பெற்றிருக்கும் என்று கற்பனையாகக் கணித்தே வரி விதிக்கின்றனர். மன்றம் தன் விருப்பப்படி வரியை உயர்த்தவும் இயலாது. 2020–21 இல் பொதுவாக 2 விழுக்காட்டுக்கும், முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளர் பராமரிப்புக்கென மேலும் 2 விழுக்காட்டுக்கும் உட்பட்டே உயர்த்த இயன்றது. அதனைக் கடந்தால் உள்ளூர் வாக்காளரிடம் பொது வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற வேண்டும்.

வணிக வரியின் ஒரு பங்கு, நடுவண் அரசின் மானியங்கள், வாகன நிறுத்தம் போன்ற கட்டணங்கள் ஆகியவை ஏனைய வருவாய்கள். மன்றத்துக்குச் சொந்தமான வீடுகளின் வாடகை தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. அதனை எடுத்து நூலகத்துக்கோ பூங்காவுக்கோ செலவிட முடியாது.

செலவுப் பக்கத்தில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது இன்றியமையாதது. பெற்றோரின் பாதுகாப்பை இழந்த குழந்தைகளைப் பேணுதல், முதியோர் பராமரிப்பு, வீடற்றோருக்கு உறைவிடம், குப்பை அகற்றல் போன்றவை சட்டம் விதித்த கடமைகள். நீச்சற்குளம், இளைஞர் மன்றம், கலையரங்கம், தன்னார்வ அமைப்புகளுக்கான நன்கொடை போன்றவை பெரும்பாலும் மன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டவை. நூலகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நூலகச் சேவை வழங்குவது கடமை. ஆனால் எத்தனை நூலகம், எத்தனை மணி நேரம் என்பதை மன்றமே முடிவு செய்யலாம். பணம் குறையும்போது வெட்டு எங்கே விழும் என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கிறது.

பெருந்தொற்றுக்கு முந்தைய நிலை

2010 க்குப் பின் நடுவண் அரசு கடைப்பிடித்த சிக்கனக் கொள்கையால் உள்ளூராட்சி மன்றங்களுக்கான மானியம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2010–11 க்கும் 2017–18 க்கும் இடையில் இக்குறைப்பு, பணவீக்கத்தைக் கணக்கிட்டால், ஏறத்தாழ பாதி என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. இழந்ததை ஈட்டுவதற்காகப் பல மன்றங்கள் முதலீட்டில் இறங்கின. அரசின் கடன் வாரியத்திடம் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, கடைத்தொகுதிகளையும் அலுவலகக் கட்டடங்களையும் வாங்கி, வாடகையில் கிடைக்கும் இலாபத்தைச் சேவைகளுக்குச் செலவிடுவது இவற்றின் எண்ணம்.

குரோய்டனும் இவ்வழியிற் சென்றது. 2018 இல் ஏறத்தாழ 30 மில்லியன் பவுண்டுக்குக் குரோய்டன் பார்க் விடுதியையும், 53 மில்லியன் பவுண்டுக்குக் கொலொனேட்ஸ் என்னும் கடைத்தொகுதியையும் மன்றம் வாங்கியது. வீடு கட்டுவதற்காக "பிரிக் பை பிரிக்" என்ற தனது சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு ஏறத்தாழ 200 மில்லியன் பவுண்டு கடன் வழங்கியது. பெயர்பெற்ற ஃபேர்ஃபீல்ட் அரங்கத்தைப் புதுப்பிக்கும் பணியும் இந்நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டது. 30 மில்லியன் பவுண்டாக மதிப்பிடப்பட்ட அப்பணி 67.5 மில்லியனில் முடிந்தது. 2019 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அரங்கம், ஆறு மாதத்தில் முடக்கத்தால் மூடப்பட்டது.

மன்றத்தின் மொத்தக் கடன் ஏறத்தாழ 1.5 பில்லியன் பவுண்டை எட்டியிருந்தது. ஆயினும் கடனைவிடப் பெரிய ஆபத்து, எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கி வைக்க வேண்டிய பொதுச் சேமிப்பு கரைந்துபோயிருந்ததுதான். குழந்தைகள் சேவையிலும் முதியோர் பராமரிப்பிலும் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்கு மேல் செலவானது. 2017 இல் குழந்தைகள் சேவை "போதாது" என அரச கண்காணிப்பகம் மதிப்பிட்டதால் அதற்கு மேலும் பணம் வேண்டியிருந்தது. அம்முயற்சி வீண்போகவில்லை; 2020 தொடக்கத்தில் நடந்த மறு ஆய்வில் அதே சேவை "நன்று" எனத் தரம் உயர்ந்தது. ஆனால் அதற்குரிய செலவைத் தாங்கும் நிலையான வருவாய் பாதீட்டில் இல்லை.

குரோய்டனுக்கே உரிய இன்னொரு சுமையும் உண்டு. பிரித்தானிய உள்துறை அமைச்சின் குடிவரவு அலுவலகமான லூனார் ஹவுஸ் இப்பரோவில் உள்ளது. பெற்றோரோ உறவினரோ இன்றித் தஞ்சம் கோரிவரும் சிறுவர்கள் பலர் அங்கு வந்து சேர்வதால், அவர்களைப் பராமரிக்கும் சட்டக் கடமை குரோய்டன் மன்றத்தின் மீதே விழுந்தது. அரசு தரும் மானியம் இதற்குப் போதவில்லை என்பது மன்றத்தின் நெடுநாள் முறையீடு. இச்சிறுவர்களை நாடெங்கும் பகிர்ந்து அனுப்பும் திட்டம் 2016 முதல் இருந்தபோதும், 2021 நவம்பர் வரை அது கட்டாயமாக்கப்படவில்லை.

முடக்கக் காலச் சேவைகள்

2020 மார்ச் 23 ஆம் நாள் முடக்கம் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனைகள் தேசிய நலச் சேவையின் பொறுப்பில் இருந்தமையால் செய்திகளில் அவையே பெரிதும் இடம்பெற்றன. வீட்டுக்குள் அடைபட்ட மக்களின் அன்றாடத் தேவைகள் உள்ளூராட்சி மன்றங்களையே சேர்ந்தன. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தோர் வெளியே வரலாகாது என்று அறிவுறுத்தப்பட்டனர். அவர்களுக்கு அரசு அனுப்பிய உணவுப் பொதிகள் போய்ச் சேர்ந்தனவா, மருந்து கிடைத்ததா, தனித்திருப்போரிடம் யாரேனும் பேசுகின்றனரா என்று பார்க்கும் வேலை மன்றங்களுக்குரியது. இப்பொதி விநியோகம் 2020 ஜூலை இறுதியில் நிறுத்தி வைக்கப்பட்டபின், தேவை மட்டும் உள்ளூரில் தொடர்ந்தது.

மார்ச் இறுதியில், தெருவில் உறங்கும் அனைவரையும் உடனே கூரையின்கீழ்க் கொண்டுவருமாறு அரசு மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. வெறுமையாகக் கிடந்த விடுதிகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. 2021 ஜனவரி அளவில் இங்கிலாந்து முழுவதும் 37,000 க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தால் பயன்பெற்றனர். தெருவில் உறங்குவோரை இல்லாமற் செய்வது நடக்காத காரியம் என்று பல ஆண்டுகளாகக் கூறப்பட்டுவந்த நிலையில், சில நாட்களில் பெரும்பாலானோருக்கு இடம் கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

சிறு வணிகர்களுக்கு 10,000 பவுண்டும், கடை, உணவகம், விடுதி போன்றவற்றுக்கு 25,000 பவுண்டு வரையும் அரசு வழங்கிய உதவித்தொகைகளைப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் மன்ற ஊழியர்களே. வரிச்சலுகை பெறும் ஏழைக் குடும்பங்களின் மன்ற வரியில் மேலும் 150 பவுண்டு வரை குறைக்கப்பட்டது. தொற்றுக்கு உள்ளாகித் தனித்திருக்கப் பணிக்கப்பட்ட குறைந்த ஊதியத் தொழிலாளருக்கான 500 பவுண்டு உதவி, 2020 செப்டம்பர் இறுதி முதல் மன்றங்கள் வழியாகவே வழங்கப்பட்டது. இறப்புப் பதிவு தொலைபேசி வழியாக நடந்தது. மன்றங்கள் நடத்தும் எரியூட்டு நிலையங்களில் இறுதிச் சடங்குக்கு வருவோர் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. மன்றக் கூட்டங்களும் 2020 ஏப்ரல் 4 முதல் 2021 மே 6 வரை இணையவழியே நடத்த அனுமதிக்கப்பட்டன. இதனால் பின்னர் நிகழ்ந்த நிதி நெருக்கடி விவாதங்களைக் குரோய்டன் மக்கள் தம் வீட்டுத் திரையிலேயே காண நேர்ந்தது.

வருவாய் இழப்பும் அரசின் ஈடும்

பெருந்தொற்றுச் செலவுக்காக 2020 மார்ச் 19 இல் 1.6 பில்லியன் பவுண்டையும், ஏப்ரல் 18 இல் மேலும் 1.6 பில்லியனையும் இங்கிலாந்தின் மன்றங்களுக்கு அரசு ஒதுக்கியது. பின்னர் ஜூலையிலும் அக்டோபரிலும் கூடுதல் தொகைகள் வந்தன. இவை எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி வழங்கப்பட்டமை மன்றங்களுக்குப் பேருதவியாக இருந்தது.

வருவாய் இழப்புக்கான ஈடு இதனினும் சிக்கலானது. நிறுத்தக் கட்டணம், நீச்சற்குளக் கட்டணம் போன்றவற்றில் எதிர்பார்த்த வருவாயின் முதல் 5 விழுக்காட்டு இழப்பை மன்றமே தாங்க வேண்டியிருந்தது. அதற்கு மேற்பட்ட இழப்பில் நான்கில் மூன்று பங்கை அரசு ஈடுசெய்தது. முதலீட்டுக் கட்டடங்களின் வாடகை இத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. குரோய்டனைத் தாக்கியது இவ்விதிவிலக்கே. கடைத்தொகுதிகளும் விடுதிகளும்தாம் முடக்கத்தில் முதலில் மூடப்பட்டவை. குரோய்டன் பார்க் விடுதியை நடத்திவந்த நிறுவனம் 2020 கோடையில் நொடித்துப்போனது. பின்னர் அவ்விடுதி வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்கப்பட்டது.

மன்ற வரி, வணிக வரி ஆகியவற்றின் வசூல் குறைவு வேறு வகையில் கணக்கிடப்படுகிறது. ஓராண்டின் குறைவு, அவ்வாண்டின் பாதீட்டில் அன்றி அடுத்த ஆண்டின் பாதீட்டிலேயே சுமையாக வந்துசேரும். 2020–21 இன் குறைவை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமக்க அரசு அனுமதித்தது. போதிய சேமிப்பு வைத்திருந்த மன்றங்கள் இவ்வகை ஏற்பாடுகளால் ஆண்டைக் கடந்தன. குரோய்டனிடம் அத்தகைய சேமிப்பு இல்லை.

114 ஆம் பிரிவின் கீழான அறிவித்தல்

2020 அக்டோபரில் மன்றத் தலைவர் டோனி நியூமன் பதவி விலக, ஹமிதா அலி தலைவரானார். அதே மாதம் 23 ஆம் நாள், மன்றத்தின் வெளித் தணிக்கையாளரான கிராண்ட் தோர்ன்டன் நிறுவனம் பொதுநல அறிக்கை ஒன்றை வெளியிட்டது. தணிக்கையாளர் தமது வழமையான கருத்துரை போதாது எனக் கருதும்போது மட்டுமே வெளியிடப்படும் அரிய ஆவணம் இது. சேமிப்புக் குறைந்துவருவது குறித்து முந்தைய ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டும் மன்றம் செவிசாய்க்கவில்லை எனவும், மூன்று ஆண்டுகளில் 545 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியும் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை எனவும் அறிக்கை கண்டித்தது. பெருந்தொற்று நெருக்கடியை விரைவுபடுத்தியதே அன்றி அதனைத் தோற்றுவிக்கவில்லை என்பதே இவ்வறிக்கையிலிருந்து பெறப்படுவது. இலண்டனின் ஏனைய பரோக்களும் அதே முடக்கத்தைச் சந்தித்தன என்பதை நோக்க, இம்முடிவை மறுப்பது கடினம்.

உள்ளூராட்சி நிதிச் சட்டம் 1988 இன் 114 ஆம் பிரிவின்படி, செலவு வருவாயை மிஞ்சும் என்று கருதும் தலைமை நிதி அலுவலர் அதனை எழுத்தில் அறிவித்தாக வேண்டும். இது அரசியலாளரின் முடிவன்று; அலுவலரின் தனிப்பட்ட சட்டக் கடமை. அறிவித்தல் வெளியானதும், சட்டக் கடமைகளையும் ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களையும் தவிர்ந்த புதிய செலவுகள் நிற்கும். 21 நாட்களுக்குள் மன்றம் கூடி விடையளிக்க வேண்டும். நவம்பர் 11 அறிவித்தலின்போது எதிர்பார்க்கப்பட்ட பற்றாக்குறை 66 மில்லியன் பவுண்டு. மன்றம் கூடியும் இவ்விடைவெளியை அடைக்க இயலாமையால் டிசம்பர் 2 இல் இரண்டாம் அறிவித்தல் வெளியானது. இதற்கு முன்னர் 2018 இல் நோர்தாம்டன்சயர் மாவட்ட மன்றம் இப்பிரிவின்கீழ் அறிவித்திருந்தது.

முடிவில் அரசு 120 மில்லியன் பவுண்டு வரையான "மூலதனமாக்கல்" அனுமதியை வழங்கியது. இதில் 70 மில்லியன் 2020–21 க்கும், 50 மில்லியன் 2021–22 க்கும் உரியவை. இது நன்கொடையன்று. நடைமுறைச் செலவை மூலதனச் செலவாகக் கணக்கில் எழுதவும், அதன்மூலம் அதற்கெனக் கடன் வாங்கவும் தரப்பட்ட உரிமையே ஆகும். கடனால் தள்ளாடிய மன்றம் மேலும் கடன் வாங்கியே மீட்கப்பட்டது. மன்றத்தின் சீரமைப்பைக் கண்காணிக்க டோனி மெக்ஆர்டில் தலைமையில் ஒரு குழு 2021 தொடக்கத்தில் அமைந்தது.

சேவைகளில் ஏற்பட்ட குறைப்பு

நூற்றுக்கணக்கான பணியிடங்கள் நீக்கப்பட்டன. முடக்கத்தின்போது மூடப்பட்ட பேர்லி நீச்சற்குளம் மீண்டும் திறக்கப்படவில்லை. 13 நூலகங்களுள் பிராட்மோர் கிரீன், பிராட் கிரீன், சாண்டர்ஸ்டெட், ஷேர்லி, தென் நோர்வூட் ஆகிய ஐந்தை மூடும் முன்மொழிவு 2021 இல் வந்தது. மக்கள் எதிர்ப்பின் பின், எதனையும் மூடாமல் எல்லாவற்றின் திறப்பு நேரத்தையும் குறைப்பதென முடிவாயிற்று. வாரத்தில் சில நாட்களே திறக்கும் நூலகத்துக்கு வருவோர் குறைவது இயல்பு. வருவோர் குறைவு என்பதே அடுத்த சுற்றில் மூடுவதற்குக் காரணமாகவும் காட்டப்படலாம். 2024 இல் அவ்வைந்தில் தென் நோர்வூட் தவிர்ந்த நான்கையும் மூட மன்றம் முடிவெடுத்தது.

பெருந்தொற்றின் முதலாண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு உயர்த்தப்பட்ட மன்ற வரிச் சலுகை, 2022 ஏப்ரல் முதல் குரோய்டனில் பலருக்குக் குறைக்கப்பட்டது.

மன்றத்துக்குச் சொந்தமான வீடுகளின் நிலையும் இக்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 2021 மார்ச்சில் ஐடிவி தொலைக்காட்சி, தென் நோர்வூட்டில் உள்ள ரெஜினா சாலை அடுக்ககத்தில் நீர்க்கசிவாலும் பூஞ்சணத்தாலும் கறுத்த சுவர்களுக்கிடையே குடும்பங்கள் வாழ்வதைக் காட்டியது. வீட்டே இருக்குமாறு நாட்டு மக்கள் அனைவரும் பணிக்கப்பட்டிருந்த காலம் அது.

பின்னைய நிகழ்வுகள்

2021 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில், மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் மேயர் முறைக்குக் குரோய்டன் வாக்காளர் ஆதரவளித்தனர். 2022 மே மாதத்தில் பழமைவாதக் கட்சியின் ஜேசன் பெரி முதல் மேயராகத் தெரிவானார். 2022 ஜனவரியில் ஃபேர்ஃபீல்ட் அரங்கப் புதுப்பிப்புக் குறித்து இரண்டாவது பொதுநல அறிக்கை வெளிவந்தது. 2022 நவம்பர் 22 ஆம் நாள், 2023–24 இல் ஏற்படவிருந்த 130 மில்லியன் பவுண்டு இடைவெளியைக் காரணங்காட்டி மூன்றாம் அறிவித்தல் வெளியிடப்பட்டது. வாக்கெடுப்பின்றி மன்ற வரியை ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்த்த அரசு சிறப்பு அனுமதி வழங்க, 2023 ஏப்ரல் முதல் அவ்வுயர்வு நடைமுறைக்கு வந்தது.

கடன் வாரியத்தின் விதிகள் 2020 நவம்பரில் மாற்றப்பட்டு, இலாப நோக்கில் மட்டும் கட்டடம் வாங்கும் மன்றங்களுக்குக் கடன் மறுக்கப்பட்டது. எனினும் முன்னரே வாங்கப்பட்ட கடன்களுக்கு இது மருந்தாகவில்லை. சிலாவ் (2021), துரக் (2022), வோக்கிங், பேர்மிங்காம், நொட்டிங்காம் (2023) ஆகிய மன்றங்களும் 114 ஆம் பிரிவின்கீழ் அறிவித்தன. இவை அனைத்துக்கும் காரணம் ஒன்றல்ல. வோக்கிங், துரக் ஆகியவற்றில் முதலீட்டுக் கடனும், பேர்மிங்காமில் பெண் ஊழியரின் சம ஊதியக் கோரிக்கைகளும் முதன்மையாக இருந்தன.

மன்றத்தின் நிதிநிலை மீளாத நிலையில், 2025 ஜூலையில் நடுவண் அரசு குரோய்டனுக்கு ஆணையர்களை அமர்த்தியது.